பரணில் ஏட்டுக்கட்டு வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு



உங்கள் வீட்டுப் பரணிலோ, பூசையறை மாடத்திலோ, பாட்டனாரின் மரப்பெட்டியிலோ ஓர் ஏட்டுக்கட்டு இருக்கிறது. சரஸ்வதி பூசைக்கு அதை எடுத்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறீர்கள். மறுநாள் அது பழைய இடத்துக்கே போய்விடுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், வைத்தியக் குடும்பமாக இருந்தால் வைத்தியம் என்றும், கோயில் பூசாரி வீடாக இருந்தால் மந்திரம் என்றும், கணக்குப்பிள்ளை வீடாக இருந்தால் பழைய நிலக்கணக்கு என்றும் சொல்வீர்கள். பிரித்துப் படித்துச் சொல்லக்கூடியவர் அநேகமாக வீட்டில் இல்லை. இருந்தவர் போய்ச் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும்.

சுவடிகளைத் துடைத்துப் படமெடுத்து அட்டவணை எழுதுவது என் வேலை. உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். அந்தக் கட்டை ஒருமுறை படமெடுக்க விடுங்கள். கட்டு உங்கள் வீட்டிலேயே, உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

முன்னூறு வருஷம் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும், இப்போது என்ன அவசரம் என்று நினைக்கலாம். பனையோலை நம் வெயிலுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்து அப்படி ஒன்றும் நெடுங்காலம் நிற்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பாட்டு நம்மிடம் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து ஏடு ஒன்றுகூட இல்லை. இன்று நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எழுதியவை. பாட்டு எப்படிப் பிழைத்தது? ஏடு நைந்து போகுமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து இன்னொரு ஏட்டில் பெயர்த்தெழுதினார். அந்தப் படி நைந்தபோது அவர் பேரனோ மாணாக்கனோ மறுபடி எழுதினான். மடங்களிலும் திண்ணைப் பள்ளிகளிலும் வைத்தியர் வீடுகளிலும் இது தலைமுறை தலைமுறையாக நடந்தது.

அச்சு வந்தது. காகிதம் மலிந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள், பெயர்த்தெழுதுவது நின்றுபோயிற்று. ஆகவே உங்கள் பரணில் இருப்பது அந்த வரிசையின் கடைசிப் படி. அதற்குப் பின்னால் யாரும் எழுதவில்லை. அதற்கு வயது நூற்றைம்பதோ இருநூறோ ஆகிவிட்டது. முந்தைய காலமாக இருந்தால், வீட்டுப் பெரியவர் புது ஓலை வாங்கி வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பதம்பார்த்து, மறுபடி எழுத உட்கார்ந்திருக்கும் காலம் இதுதான். இன்று எழுத்தாணியின் இடத்தில் கேமரா இருக்கிறது. செய்யும் வேலை பெயர்த்தெழுதுவதேதான்.

ஏடு போனதால் எது போயிற்று என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். பரிபாடல் எழுபது பாட்டு என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. முழுசாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. ஐம்பெருங்காப்பியம் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கொடுக்கிறோம், அவற்றில் வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிப் பாடல்களாகத்தான் மிஞ்சின. வளையாபதி ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் தாம் பார்த்திருப்பதாக உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் தேடியபோது அது அகப்படவில்லை. ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே, அவர் கண்ணால் கண்ட ஒரு காப்பியம் காணாமல் போய்விட்டது. மடத்தைப்போல் ஏட்டின் அருமை தெரிந்த இடத்திலேயே இப்படி என்றால் பரணைப் பற்றி நான் என்ன சொல்ல?

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை, பழசாகிவிட்டன என்று, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று சாமிநாதையர் கேட்டறிந்து மனம் நொந்து எழுதியதும் உண்டு. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டவையும் உண்டு. செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தெய்வத்தன்மை உள்ள பொருளைக் குப்பையில் போடக்கூடாது, தீயிலோ நீரிலோ சேர்ப்பதே முறை என்று நம்பினார்கள். உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழலாம். எழுந்தால் தயவுசெய்து ஒரு தொலைபேசி அழைப்பு போடும் நேரம் மட்டும் பொறுங்கள்.

“எங்கள் வீட்டில் இருப்பது எல்லாரும் அச்சுப் போட்ட நூல்தான், அதில் புதுசாக என்ன இருக்கப்போகிறது?” என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கும். சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடத்தில், கையிலிருந்த ஏடுகளில் சில அடிகள் விட்டுப்போயிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏடுகளைத் துழாவிய பிறகே அந்தப் பூக்கள் அவருக்குக் கிடைத்தன. இன்று மாணவர்கள் ஒப்பிக்கும் அந்தப் பட்டியல் முழுமையானது இன்னொரு படி எங்கோ பத்திரமாக இருந்ததால்தான். அதே நூலின் பத்தாவது படியில்கூட மற்ற ஒன்பதிலும் இல்லாத ஒரு வரி இருக்கலாம், ஒரு நல்ல பாடபேதம் இருக்கலாம். அதனால் அச்சான நூலின் ஏடு என்று தெரிந்தாலும் நாங்கள் ஓரம் தள்ளுவதில்லை.

பெரிய நூல் அல்லாத ஏடுகளையும் விட்டுவிடாதீர்கள். மாட்டு வாகடம், மனையடி, வர்மம், அம்மானை, கும்மி, பிள்ளைகள் பழகிய எண்சுவடி, நிலம் அளந்த கணக்கு, யார் யாருக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள் என்ற வரி. புலவர்கள் இவற்றைத் தேடி அலையவில்லை, பல நூலகங்களும் நெடுநாள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. என் கருத்தைக் கேட்டால், இப்போது அதிக ஆபத்தில் இருப்பவை இவைதான். சங்க இலக்கியத்தைக் காப்பாற்ற ஒரு சாமிநாதையரும் ஒரு சி.வை.தாமோதரம்பிள்ளையும் வந்தார்கள். மாட்டுக்கு வந்த நோயையும் மருந்தையும் எழுதி வைத்த பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இனிமேல்தான் ஆள் வர வேண்டும்.

உங்கள் பயங்களும் எனக்குத் தெரியும். பேசாமல் விட முடியாது.

பெரிய பயம் மருந்து ரகசியம். பரம்பரையாகக் காத்த முறையைப் படமெடுத்துக்கொண்டு போய் யாரோ கம்பெனிக்காரன் காப்புரிமை வாங்கிவிடுவான் என்று வைத்தியர் குடும்பங்கள் தயங்குகின்றன. நியாயமான பயம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அதை எதிர்த்து வழக்காடிய நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், இது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு எழுத்தில் வெளியான சான்றுகளைக் காட்டியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. “எங்கள் பாட்டி சொல்வாள்” என்பது அங்கே செல்லவில்லை, தேதியோடு எழுத்தில் இருந்ததே செல்லுபடியானது. சித்த மருத்துவ முறைகளையும் சேர்த்து மரபு அறிவு மின்நூலகம் என்ற ஒன்றை 2001 முதல் அரசே தொகுத்து, காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைத்ததும் இந்த அனுபவத்தால்தான். யாருக்கும் தெரியாமல் கரையான் தின்ற முறைக்கு எந்த நாட்டிலும் பாதுகாப்பு கிடையாது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், படம் எடுத்துப் பூட்டி வையுங்கள், இன்ன வருஷம் வரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். நல்ல நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளும்.

இன்னொரு குறை, “முன்பு ஒருவர் வந்தார், ஆராய்ச்சி என்று வாங்கிப் போனார், திரும்பவே இல்லை” என்பது. இந்தக் குறையை நான் ஊர் ஊராகக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வெட்கமாக இருக்கும். எங்கள் துறை மீது உங்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்கு எங்கள் துறையே பொறுப்பு. ஆகவே சொல்கிறேன்: கட்டு வீட்டை விட்டுப் போகவே வேண்டியதில்லை. கேமராவையும் விளக்கையும் நாங்கள் உங்கள் திண்ணைக்குக் கொண்டு வருகிறோம். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எத்தனை ஏடு, எந்த அளவு, எப்போது திரும்பும் என்று முத்திரையோடு எழுதி வாங்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். படங்களின் ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும். அட்டவணையில் உரிமையாளர் என்று உங்கள் குடும்பப் பெயர் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விலை பேச வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட, அறிவியல் வரலாறு இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். படம் போட்ட ஓர் ஏட்டை மட்டும் உருவிக் கொடுங்கள் என்று கேட்பவரும் வருவார். ஒன்றை உருவினால் கட்டு முழுதும் ஊனம்.

இனி, ஏட்டுக்கட்டு என் கைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தெரிந்தால் உங்களுக்கும் தயக்கம் குறையும்.

முதல் வேலை, அவிழ்ப்பதற்கு முன்பே ஒரு படம். கயிறு எப்படிச் சுற்றியிருக்கிறது, சட்டப்பலகை எந்த மரம், துளையில் நாராசம் என்னும் கம்பி கிடக்கிறதா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். பிறகு கயிற்றைத் தளர்த்தி, மேல் பலகையைத் தூக்கி, ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வரிசை கலையாமல் பார்ப்பேன். பூச்சி துளைத்த ஏடாக இருந்தால் ஓட்டை ஒரே ஏட்டில் நிற்காது, நேர்க்கோடாகப் பல ஏடுகளை ஊடுருவிப் போயிருக்கும். இது நஷ்டம்தான், ஆனால் ஓர் உபகாரமும் உண்டு. கயிறு அறுந்து ஏடுகள் கலைந்து, எண்ணும் அழிந்துபோன கட்டில், அந்த ஓட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து எந்த ஏடு எதற்கு அடுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அரித்த பூச்சியே பக்க எண் போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

அடுத்து மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது. ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கையால் பிரிக்க மாட்டோம். பதனக் கூடத்தில் மெல்ல ஈரப்பதம் ஏற்றித்தான் பிரிப்போம். ஓலை எழுத்து என்பது மை தொட்டு எழுதியதல்ல, கீறியது. கீறிய பள்ளத்தில் விளக்குக்கரியும் மஞ்சளும் இலைச்சாறும் தேய்த்து ஏறிய கருமைதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய ஏட்டில் அந்தக் கருமை உதிர்ந்து வெறும் கீறல் மட்டும் இருக்கும். நேரே மேலிருந்து வெளிச்சம் போட்டால் ஏடு வெறுமையாகத் தெரியும். விளக்கைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து, வரி வரியாக எழுத்து எழும்பி வரும். இப்படி மையே இல்லாமல் படித்துவிட முடிகிற ஏடுகள் பல. தேவைப்படும் ஏட்டுக்கு மட்டும் கரி தேய்த்துத் துடைத்து, வறண்டிருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெய் இம்மி அளவு பூசுவோம். எண்ணெய் கூடினால் ஓலை கறுத்துப் பிசுபிசுக்கும்.

பிறகு படம். இரண்டு பக்கமும், வெற்றேடு உட்பட. பக்கத்தில் அளவுகோலும் நிறப்பட்டையும் கிடக்கும். ஃபிளாஷ் கிடையாது. சூடேறாத எல்இடி விளக்குத்தான். சுருக்காத பெரிய கோப்பு ஒன்று காப்பகத்துக்கு, சிறிய கோப்பு ஒன்று வாசிப்பவருக்கு.

கோப்புகளைக் கணினியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அரசாங்கத்திலும் உண்டு, எங்களிலும் உண்டு. இத்தனை லட்சம் பக்கம் மின்னுருவாக்கினோம் என்ற எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். எது எந்த நூல், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, யார் வீட்டு ஏடு என்ற குறிப்பு இல்லாத படக் குவியலைப் பரண் என்றுதான் சொல்வேன், மின்சாரம் செலவாகும் பரண். அந்தக் குறிப்பை எழுத ஏடு படிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஏட்டில் புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றே போல் இருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவம். க, ர, ல என்று மூன்று எழுத்து தெரிந்தால் அது கரலவா, காலவா, கால் என்பதா என்பதை முன்னும் பின்னும் பார்த்து முடிவு கட்ட வேண்டும். கணினிக்கு இது இன்னும் சரியாகக் கைவரவில்லை. பயின்ற கண் வேண்டும், அப்படிப்பட்ட கண்கள் குறைவு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் படிக்கும் ஒருவர் இதைக் கற்றால், உங்கள் கட்டை அவரே படித்துச் சொல்வார். சுவடியியல் கற்றுக்கொடுக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

படம் எடுத்துவிட்டோம், இனி ஓலை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் திருடர்கள் முடக்கினார்கள். உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அது. அருகி வரும் ஆவணங்களைப் படமெடுக்க உலகெங்கும் உதவி செய்யும் அதன் திட்டத்தின் படங்களையும் பல மாதங்கள் இணையத்தில் பார்க்க முடியவில்லை. ஓலை மட்டும் போதும் என்று சொல்லவும் வழியில்லை. 1981-இல் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களோடு அங்கிருந்த ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. அன்று அந்த ஏடுகளுக்கு ஒரு படம் இருந்திருந்தால்! இன்று ‘நூலகம்’ என்ற நிறுவனத்தார் ஈழத்தில் வீடு வீடாகவும் ஊர் ஊராகவும் ஏடுகளைப் படமெடுப்பதன் பின்னால் அந்தத் தீயின் நினைவும் இருக்கிறது. ஓலையும் இருக்க வேண்டும், படமும் இருக்க வேண்டும், படம் ஓரிடத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

யாரிடம் போவது? சென்னையில் 1869-இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. காலின் மெக்கன்சி ஊரூராகச் சேர்த்தவற்றையும் சேர்த்து 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே உள்ளன. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். தஞ்சையில் சரஸ்வதி மகாலும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும். தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம், அங்குள்ள சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்கு முன்பே, 1997-இல், அந்தப் பதிவேட்டில் இந்தியாவிலிருந்து இடம்பெற்றவை சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடிகள். நீங்கள் ஒளித்து வைத்திருப்பதற்கு உலகம் கொடுத்திருக்கும் மதிப்பு அது.

ஆட்கள் வந்து சேரும் வரை சிலவற்றைச் செய்யுங்கள், சிலவற்றை உடனே நிறுத்துங்கள். குங்குமமும் சந்தனமும் துணிக்கு வையுங்கள், ஓலைக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், மண்ணெண்ணெய் கிட்டவே வேண்டாம். வெயிலில் காய வைத்தால் ஓலை வளைந்து முறியும். உடைந்த ஏட்டுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், லேமினேஷன் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஏட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். துவைத்து உலர்த்திய பழைய பருத்தித் துணியில் சுற்றி, பலகை இல்லை என்றால் மேலும் கீழும் ஏட்டளவு அட்டை வைத்து, கயிற்றை இறுக்காமல் கட்டுங்கள். பக்கத்தில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைக்கலாம். வசம்பு ஓலையில் படக்கூடாது, மணம் போனதும் மாற்ற வேண்டும். முன்பு சில வீடுகளில் அடுப்படிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள், புகைக்குப் பூச்சி அண்டாது. கேஸ் அடுப்பு வந்தபின் அந்தக் காவல் இல்லை. ஆகவே ஓட்டுக்கும் ஈரச்சுவருக்கும் அடியில் இருக்கும் கட்டை, ஐப்பசி மழைக்கு முன், காற்றோட்டமான மர அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். நனைந்துவிட்டால் நிழலில், மின்விசிறி நேரே அடிக்காமல், தாளின் மேல் பரப்பி உலரவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

கட்டைப் பிரிக்காமலேயே நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த ஏடு எந்த ஊரிலிருந்து வந்தது, யார் எழுதியதாக வீட்டில் சொல்வார்கள், அவர் என்ன தொழில் செய்தார், யாரிடம் படித்தார், பாகப்பிரிவினையில் வேறு கட்டுகள் எந்தப் பங்காளி வீட்டுக்குப் போயின. ஏட்டின் கடைசியில் எழுதியவர் தம் பெயரும் வருஷமும் குறித்திருப்பார். ஆனால் வருஷம் அறுபதாண்டு வட்டத்துப் பெயராக இருக்கும், எந்த வட்டம் என்று தெரியாது. கொல்லம் ஆண்டு இருந்தால் 824-ஐயோ 825-ஐயோ கூட்டிக் கண்டுவிடலாம். இல்லையென்றால் “எங்கள் கொள்ளுத்தாத்தா தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னே எழுதியது” என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம்தான் எங்களுக்குத் துணை. எந்த ஆய்வுக்கூடமும் அதைச் சொல்லாது.

அந்த ஏட்டை வாசிக்கக் கேட்டவர், ராகம் போட்டு அம்மானை படிக்கக் கேட்டவர், உங்கள் வீட்டில் எண்பது வயதுக்கு மேல் யாராவது இருக்கிறார்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். அரைகுறையாகச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நாங்கள் வரும்போது அந்தப் பதிவையும் ஏட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
சுவடி அட்டவணைப் பணியில் இருக்கும் ஒருவன்